சங்கு முத்திரை கடந்த வழி

திருவனந்தபுரத்தின் தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்படும் கேரள அரசுப் பேருந்துக்கு ஊரார் வைத்த பெயர் 'ஆனவண்டி', அதாவது யானை வண்டி. கேரள அரசின் இலச்சினையிலும் இரண்டு யானைகள் உண்டு. அவை காத்து நிற்பது பத்மநாபசுவாமியின் சங்கை.

1750இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, அவருடைய தாசனாக ஆட்சி செய்தார். ஆளும் உரிமையை இறைவனே தந்தான் என்றால் குடிகளிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

1888இல் அந்தச் சங்கு தபால்தலையில் ஏறியது. திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறையான 'அஞ்சல்' வெளியிட்டது. விலை, சக்கரம் என்ற உள்ளூர் நாணயக் கணக்கில். தோவாளையிலிருந்து பத்மநாபபுரத்துக்கு அது செல்லும். பக்கத்திலுள்ள திருநெல்வேலிக்கு எழுத வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலைதான் வேண்டும். மன்னர், நாணயம், தபால், எல்லை எல்லாம் இருந்தும், அயலார் ஏற்காத அரசின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது அந்தத் துண்டுக் காகிதத்திலேயே தெரிந்தது.

1933இன் மான்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். கடைசித் தகுதியைப் பெறத்தான் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் துடித்தார். பிரிட்டிஷ் மேலாண்மை நீங்கியதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று 1947 ஜூனில் அறிவித்தார். ஜின்னா வரவேற்றார், பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியும் நியமனமானார். லண்டன் அங்கீகரிக்க முன்வரவில்லை.

ஆனால் அவர் திட்டம் அதற்கு முன்பே உள்ளூரில் தோற்றிருந்தது என்பேன். 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் சொந்தக் குடிகளைச் சுட்ட அரசுக்கு ஜின்னாவின் வாழ்த்து எப்படித் தகுதி தரும்? 1947 ஜூலை 25 அன்று திவான் வெட்டுப்பட்டார். சில நாள்களில் மன்னர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்.

1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சக்கர விலையிட்ட தபால்தலைகளின் மேல் அணா, பை விலையை அச்சடித்து ஓட்டினார்கள். 1951இல் அவற்றின் இடத்தை இந்தியத் தபால்தலைகள் பிடித்தன.

தென்பகுதித் தமிழர் கணக்கு அதோடு தீரவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்தோடு சேரப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இம்முறை சுட்டது மன்னராட்சி அல்ல, தேர்தலில் வந்த அரசு. அதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்துக்கு வந்தன. அங்கே அரசு ஆவணங்களில் கோபுர முத்திரை விழத் தொடங்கியது. சங்கு எல்லையூரான களியக்காவிளைக்கு வடக்கே நின்றுகொண்டது.