கோதையின் முதல் எழுத்து

ஆண்டாளின் இயற்பெயர் கோதை. எழுதுவதில் சிக்கல் இல்லை; சொல்வதில்தான் இரண்டு கட்சி. ‘கடல்’ என்னும்போது எழும் வல்லொலியில் தொடங்குவோர் ஒரு சாரார். ‘தங்கம்’ என்னும் சொல்லின் நடுவே வரும் ககர ஒலியில் தொடங்குவோர் மறு சாரார். மார்கழி விடியலில் இரண்டையும் கேட்கலாம்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். பூவைக் கோக்கிறோம், மணியைக் கோக்கிறோம். கோத்தது கோதை, அதாவது மாலை. மாலை சூடிய பெண்ணையும் பிறகு அச்சொல் குறித்தது. ஆனால் அது பெண்ணுக்கு மட்டுமே உரிய பெயராக இருக்கவில்லை. சேர மன்னர்களும் கோதை என்று பெயர் பூண்டார்கள். கரூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மன்னனின் தலையுருவத்தோடு ‘மாக்கோதை’ என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. ‘மா’வுக்குப் பின் ககரம் இரட்டிக்கிறது என்றால் அங்கே ஒலித்தது வல்லொலிதான்.

மற்ற ஒலிப்பு எங்கிருந்து வந்தது? வடமொழியில் அவள் ‘கோதா’. வேதாந்த தேசிகர் அவளைப் போற்றி 29 பாடல்களில் இயற்றிய வடமொழி நூல் ‘கோதா ஸ்துதி’. வாக்கை அருள்பவள் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கோதாவரி ஆற்றுக்கும் கோதா என்ற பெயர் உண்டு. தெலுங்கு நாட்டில் போகியன்று நடப்பது கோதா கல்யாணம். இவற்றிலெல்லாம் முதல் எழுத்து மெலிந்துதான் ஒலிக்கும். அங்கே அதுவே சரி.

தமிழ்ப் பெயரின் வல்லொலிக்கு மலையாளம் தரும் சான்று இன்னும் வலுவானது. இரண்டு ககரங்களுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் மொழி அது. அங்கே பழமொழியில் வாழும் ‘கோத’ என்ற பெண்பெயரை வல்லொலி எழுத்தால்தான் எழுதுகிறார்கள்.

நடுவிலுள்ள தகரத்தில் தமிழருக்குள் பிணக்கில்லை. ‘பாதை’யில் வருவதுபோல் மெலிந்தே ஒலிக்கும். ஆங்கில எழுத்தில்தான் தொல்லை. கோடைக்கானலைச் சுருக்கி எழுதும் அதே எழுத்துகளில் இப்பெயரை எழுதினால் கோதை கோடையாகிவிடுகிறாள். ஈற்றில் வரும் ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும் என்பது நன்னூல் விதி. பேச்சில் அது ‘கோத’ என்பதுபோல் கேட்பது பிழையல்ல, மொழியின் இயல்பு.

ஆக, கோதை, கோதா இரண்டும் ஒருத்தியின் இரு பெயர்கள். வடமொழி ஒலியில் தொடங்கித் தமிழ் ஈற்றில் முடிப்பது இரண்டுக்கும் நேர்மையாகாது. திருப்பாவையின் 30ஆம் பாசுரத்தில் அவளே தன் பெயரைக் கோதை என்று தமிழில் பதித்திருக்கிறாள். தமிழில் அவள் பெயரைச் சொல்லும்போது ‘கடல்’ ககரத்தில் தொடங்குங்கள். மகளுக்கு அப்பெயரை வைத்திருப்பவர்கள் பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.