சத்தம் நுழையக் கூடாது, பேச்சு கேட்க வேண்டும்



ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருக்கும் பழைய மாணவி ஒருத்தி, "சார், காதுக்கு மாட்டும் ஹெட்போன் வாங்க வேண்டும். கடையில் பத்து வகை காட்டுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருந்தாள். நம் பள்ளியில் படித்துப் பட்டாளத்துக்குப் போனவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால், வரலாற்றின் வழியாகவே பதில் சொல்கிறேன்.

1782 ஏப்ரலில் கரீபியன் கடலில் ஆங்கிலேயக் கடற்படை பிரெஞ்சுக் கடற்படையை வென்றது. வென்ற தளபதி ராட்னிக்கு, தன் கப்பலின் பீரங்கி முழக்கத்தால் 14 நாள் காது கேட்கவில்லை என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. தளபதிக்கே இந்த நிலை என்றால், பீரங்கிக்கு மருந்து இடித்தவனின் காது என்ன ஆகியிருக்கும்? அதை எழுதி வைக்க ஆளில்லை.

ராட்னிக்குக் கேட்கும் திறன் திரும்பியது. எல்லோருக்கும் திரும்பாது. உட்செவியில் நுண்ணிய மயிரிழைகள் கொண்ட செல்கள் இருக்கின்றன. பேரொலியில் அவை செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. காப்பது ஒன்றுதான் வழி.

எப்படிக் காத்தார்கள்? முதலில் பஞ்சுதான். 1907இல் பெர்லினில் மாக்ஸ் நெக்வர் என்பவர் மெழுகில் பஞ்சைக் கலந்து காதடைப்பான் செய்தார். 'ஓரோபாக்ஸ்' என்று பெயர். காதுக்கு அமைதி என்று பொருள். முதல் உலகப் போரில் ஜெர்மானிய வீரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. காதை முழுக்க அடைத்தால் அதிகாரியின் கட்டளை கேட்காது. எதிரியின் காலடி கேட்காது. உயிருக்கு அஞ்சிய வீரன் அடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டான். பையில் கிடக்கும் கவசம் யாரைக் காக்கும்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா மென்மையான ரப்பர் அடைப்பான் கொண்டு வந்தது. 1970களில், விரலால் உருட்டிச் செருகினால் காதுக்குள் விரியும் நுரை அடைப்பான் வந்தது. சத்தம் நன்றாகக் குறைந்தது. பேச்சும் சேர்ந்தே குறைந்தது.

இதற்குத் தீர்வாக, இருமுனை அடைப்பான் ஒன்று அமெரிக்க இராணுவத்துக்கு 2003 முதல் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. ஒரு முனை எல்லாச் சத்தத்தையும் தடுக்கும். மறுமுனை பேச்சை விட்டு வெடிச் சத்தத்தை மட்டும் தடுக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் தண்டு நீளம் போதாமல், சிலர் காதில் அது தானாகவே மெல்லத் தளர்ந்துவிடுகிறது என்று வழக்கு வந்தது. தளர்ந்தது போட்டிருந்தவருக்கே தெரியாதாம். லட்சக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். த்ரீஎம் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2023இல் சுமார் 600 கோடி டாலர் தர உடன்பட்டது. பணம் வரும், செவி வருமா? அமெரிக்காவின் முன்னாள் வீரர்கள் உதவித்தொகை பெறும் குறைபாடுகளில் முதலிடம் இன்றும் காது இரைச்சலுக்குத்தான்.

இன்று கடையில் இருக்கும் மின்னணு ஹெட்போன் அந்தப் பழைய சிக்கலுக்கான அடுத்த விடை. வெளியே மைக், உள்ளே சிறிய ஸ்பீக்கர். பேச்சைப் பெருக்கித் தரும். வெடி வந்ததும் அதை உள்ளே விடாது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை:

1. துப்பாக்கி வெடிக்கும்போது காதருகே 150 டெசிபலைத் தாண்டலாம். 140க்கு மேல் ஒரே ஒரு வெடி கூடக் காதைக் கெடுக்கலாம். பெட்டியில் என்ஆர்ஆர் என்று போட்டிருக்கும் எண், எத்தனை டெசிபல் குறையும் என்பதைக் காட்டும். அது ஆய்வுக்கூடக் கணக்கு. நம் தலையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

2. பாட்டரி தீர்ந்தாலும் கிண்ணங்கள் காதைக் காக்க வேண்டும். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் இதற்கு ஆகாது.

3. கண்ணாடி, ஹெல்மெட், துப்பாக்கிக் கட்டை மூன்றோடும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு தூக்கிய இடுக்கு வழியே சத்தம் புகும்.

4. மூடிய அரங்கிலோ பெரிய துப்பாக்கியிலோ சுட்டால், உள்ளே நுரை அடைப்பானும் மேலே ஹெட்போனும் சேர்த்துப் போடுங்கள். இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள். கூடுதலாகக் கிடைப்பது சுமார் 5 டெசிபல்தான்.

விலை உயர்ந்தது என்பதற்காக வாங்க வேண்டாம். நாள் முழுதும் கழற்றத் தோன்றாத ஒன்றை வாங்குங்கள். பயிற்சி முடிந்து காதில் 'ங்கொய்' என்று கேட்டால் அதைச் சாதாரணமாக எண்ணாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.

பேரப்பிள்ளைகளின் மழலையை எழுபது வயதிலும் நீங்கள் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

அன்புடன்,
உங்கள் சார்