கடல் கடந்த கால்நடை மருத்துவம்: மாபாரின் குதிரைகள் முதல் மூர்கிராப்டின் பயணம் வரை

முன்னுரை

தமிழகத்தின் அயலக வணிகம் பற்றிய ஆய்வுகள் பொருள்களின் வரவையும் செலவையும் விரிவாகப் பேசியுள்ளன. பொருளோடு வந்திருக்க வேண்டிய அறிவு வந்ததா, வராதிருப்பின் அதனைத் தடுத்தது எது என்னும் வினாக்கள் அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. ஒரு நாட்டில் கற்ற கால்நடை மருத்துவத்தைப் பிறிதொரு நாட்டில் தொழிலாகக் கொண்டோரின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை காண உதவுகிறது. பிற்காலப் பாண்டியர் கால அயலவர் குறிப்புகளையும், 1808இல் இந்தியாவிற்கு வந்த ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராப்டின் வாழ்வையும் ஒருசேர வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரவிடாத மருத்துவர்

குதிரைகள் கடல்வழியே காவிரிப்பூம்பட்டினத்திற்கு வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. புராணச் செய்தியை வரலாறாகக் கொள்ள இயலாதெனினும், குதிரைக்காக அரசுக் கருவூலம் பெரும்பொருள் செலவிட்டது என்னும் நினைவு அதனுள் பொதிந்துள்ளது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ இது குறித்து ஓர் அரிய செய்தியைத் தருகிறார். அங்கு ஆண்ட ஐந்து உடன்பிறந்த அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகிறார். குதிரைகளைப் பேணத் தெரியாமையும் குதிரை மருத்துவர் இன்மையும் இதற்குக் காரணங்கள் என்பது அவர் கருத்து. குதிரை வணிகர்கள் மருத்துவரைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. தாமாக வர விரும்புவோரையும் தடுத்துவிடுகின்றனர். குதிரை பிழைத்தால் விற்பனை குறையும் என்பதே அவர்களின் அச்சம் என்றும் அவர் எழுதுகிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் செய்தியும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் கருவூலத்திலிருந்தே விலை தரப்பட்டது என அவர் குறிப்பிடுகிறார்.

இக்கூற்றுகளை அவ்வாறே ஏற்பதற்கில்லை. எண்ணிக்கைகள் மிகைப்பட்டவையாக இருக்கலாம். வெப்பமும் தீவனமும் கூடக் குதிரைகளின் இறப்பிற்குக் காரணமாகியிருக்கும். இந்நாட்டில் குதிரை மருத்துவ அறிவே இல்லை என்பதும் பொருந்தாது. சாலிஹோத்திரர், நகுலர் பெயர்களில் வழங்கும் அசுவ சாஸ்திர மரபு பழமையானது. அம்மரபின் ஓவியச் சுவடிகளைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பேணி வருகிறது. எனினும், இறந்த குதிரைக்கும் விலை கிடைக்கும் வணிகத்தில் மருத்துவரை உடன் அழைத்து வர வணிகனுக்குத் தூண்டுதல் ஏதுமில்லை என்பதில் ஐயமில்லை. இவ்வகையில் இரு அயலவர் குறிப்புகளும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன.

வரவழைக்கப்பட்ட மருத்துவர்

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைப் பிரான்சின் லியோன் நகரில் கிளாட் பூர்ஷெலா 1761இல் நிறுவினார். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் 1767இல் பிறந்த மூர்கிராப்ட் முதலில் மனித அறுவை மருத்துவம் பயின்றவர். தம் பகுதியில் கால்நடைகளிடையே பரவிய கொள்ளைநோயைக் கண்டு, அத்துறையில் முறையான கல்வி தேவை என உணர்ந்து லியோனுக்குச் சென்றார். அங்குப் பயின்று கால்நடை மருத்துவரான முதல் ஆங்கிலேயர் அவரே. ஆகவே அவருடைய முதல் அயற்பயணம் கல்வியின் பொருட்டு அமைந்தது.

இலண்டனில் புகழும் வருவாயும் பெற்றிருந்த அவர், 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப்பண்ணைக் கண்காணிப்பாளராகப் பீகாரிலுள்ள பூசாவிற்கு வந்தார். குதிரைப்படைக்குத் தகுதியான குதிரைகளை இந்தியாவிலேயே வளர்த்துத் தருவது அவருக்கு இடப்பட்ட பணி. பூசாவில் அவர் ஓட்ஸ் பயிரைத் தீவனமாக விரிவாகப் பயிரிட்டார். பண்ணையின் நிலையைச் சீர்செய்தார். ஆயினும் நல்ல பொலிகுதிரைகள் நடு ஆசியாவிலிருந்தே வரவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார்.

இம்முடிவு அவரது எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்தது. 1812இல் ஹியர்சி என்பவருடன் கோசாயித் துறவியர் வேடம் பூண்டு, நீதி கணவாயைக் கடந்து மானசரோவர் ஏரியை அடைந்தார். அதே ஆண்டில் அவர் அனுப்பிய மீர் இஸ்ஸத்துல்லா புகாராவிற்குச் சென்று, தம் பயணத்தைப் பாரசீக மொழியில் பதிவு செய்தார். மூர்கிராப்டின் பெயரில் வழங்கும் புவியியல் அறிவில் இந்த இந்தியரின் பங்கு கணிசமானது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1819இல் மூர்கிராப்ட் மேற்கொண்ட இரண்டாம் பயணம் ஆறாண்டுகள் நீடித்தது. லடாக்கின் லே நகரில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினார். அங்குக் கண்புரை அறுவை செய்து பலருக்குப் பார்வை மீட்டார். தீவனப் பயிர்களையும் சால்வைக்குரிய ஆட்டு மயிரையும் ஆராய்ந்தார். லடாக்குடன் அவர் தாமே செய்த வணிக ஒப்பந்தத்தைக் கம்பெனி ஏற்க மறுத்தது. 1825இல் புகாராவை அடைந்தார். ஆயினும் எதிர்பார்த்த அளவில் குதிரைகள் கிட்டவில்லை. திரும்பும் வழியில் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த்குய் என்னும் ஊரில் காலமானார். உடன் சென்ற கத்ரியும் டிரெபெக்கும் ஊர் திரும்பவில்லை.

மொழியியலுக்குக் கிடைத்த பயன்

தாம் ஏற்ற பணியில் மூர்கிராப்ட் வெற்றி பெற்றார் எனக் கூற இயலாது. ஆனால் 1822இல் லடாக்கிற்கும் காஷ்மீருக்கும் இடைப்பட்ட வழியில் அவர் சந்தித்த அங்கேரிய அறிஞர் சோமாவைத் திபெத்திய மொழி பயிலத் தூண்டியவர் அவரே. தம்மிடமிருந்த திபெத்திய எழுத்திலக்கண நூலையும், பொருளுதவியையும், பரிந்துரைக் கடிதங்களையும் அவர் வழங்கினார். சோமாவின் திபெத்திய அகராதியும் இலக்கணமும் 1834இல் கல்கத்தாவில் வெளிவந்தன. திபெத்தியவியலின் அடித்தளமாக இன்றும் மதிக்கப்படும் நூல்களுக்குப் பின்னால் குதிரை தேடிச் சென்ற மருத்துவர் ஒருவர் இருந்தார் என்பது மொழி ஆய்வாளர்கள் அறியவேண்டிய செய்தி.

மூர்கிராப்டின் பயணக் குறிப்புகளைத் தொகுத்து 1841இல் பதிப்பித்தவர் எச்.எச். வில்சன் ஆவார். தமிழ்ச் சுவடிகள் பல அடங்கிய மெக்கன்சி தொகுப்பின் விளக்க அட்டவணையை 1828இல் வெளியிட்டவரும் இவரே.

உழவரின் மாடும் படையின் குதிரையும்

கம்பெனி மருத்துவரை வரவழைத்தது குதிரைப்படையின் பொருட்டேயாகும். உழவரின் மாடுகளை அழித்துவந்த வெக்கை நோய்க்கு அரசின் கவனம் காலம் தாழ்ந்தே கிட்டியது. ஹாலன் முதலானோர் அடங்கிய கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் தன் அறிக்கையை 1871இல் அளித்தது. நோய் ஆய்வுக்கூடம் இமயச் சாரலிலுள்ள முக்தேசுவரத்தில் 1893இல் நிலைகொண்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் 1903இல் தொடங்கி, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றது. அதன்பின் வெளிநாட்டிலிருந்து மருத்துவரை எதிர்பார்க்கும் தேவை படிப்படியாகக் குறைந்தது. வெக்கை நோய் ஒழிந்த நாடாக 2006இல் இந்தியா அறிந்தேற்பு பெற்றது; 2011இல் உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

மாபாருக்கு வர விரும்பிய மருத்துவரை வணிகரின் ஆதாயம் தடுத்தது. மூர்கிராப்டைப் படையின் தேவை வரவழைத்தது. இரண்டு நிலைகளிலும் அறிவின் பயணத்தை முடிவு செய்தது நோயுற்ற விலங்கின் தேவையன்று. விலை கொடுப்போரின் தேவையேயாகும். இடம்பெயர்ந்த மருத்துவர் மண்ணோடும் மக்களோடும் கலந்தபோது, வரவழைத்தோர் எண்ணியிராத பயன்களும் விளைந்தன என்பதை லே நகரில் பார்வை பெற்றோரும் சோமாவின் அகராதியும் உணர்த்துகின்றன. பிற்காலப் பாண்டியர் காலக் குதிரை வணிகத்தை ஆராய்வோர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகளைத் தேடுவதோடு அமையாமல், குதிரைகளைப் பேணியோர் பற்றிய குறிப்புகளையும் தேடித் தொகுப்பின், மார்க்கோ போலோவின் கூற்றை நம் சான்றுகளைக் கொண்டே மதிப்பிட இயலும்.