எஞ்சினை இறக்குதல்

கோவைப் பட்டறைகளில் எஞ்சினைக் கழற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. 'இறக்குவது' என்பார்கள். முன்பக்கம் எஞ்சின் உள்ள வண்டிகளில் சங்கிலி போட்டு மேலே தூக்கித்தான் அதை வெளியே எடுக்கிறார்கள். அப்போதும் பேச்சில் அது இறக்கம்தான். இந்தச் சொல் அப்படியே பொருந்துகிற வண்டி ஒன்று உண்டு. ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் பழைய 'கோம்பி' வேன். அதன் எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. அதை மேலே தூக்க வழியில்லை. கீழேதான் இறக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் அத்தகைய வேனை வாங்கியிருந்தார். கிளட்ச் தகடு தேய்ந்துபோனதால் பீளமேட்டுப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் அதை விட்டிருந்தார். வேலை நடக்கும் நாளில் நாங்கள் மூன்று பேர் உடன் சென்றோம். எழுபது வயதைக் கடந்த மேஸ்திரி வேனுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்து, பம்பருக்குப் பின்னால் எஞ்சின் மூடிக்குக் கீழே குறுக்காக ஓடும் தகரப் பட்டையை விரலால் தட்டினார். "எஞ்சினை இறக்க அரை நாளுங்க. இந்தத் தகரத்தைச் சுத்தி வர இன்னொரு அரை நாளு" என்றார். பிறகு, அதை அறுத்துவிடலாமா என்று நண்பரைக் கேட்டார். நண்பர் முகம் மாறிவிட்டது. ஏறக்குறைய ஐம்பது வருடப் பழமை கொண்ட வண்டி. அதில் ஆலையில் செய்த தகட்டை அறுப்பதா?

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தபோது கிடைத்த செய்திகளையே இங்கு தொகுத்துக்கொள்கிறோம்.

*

கோம்பியின் தொடக்கம் ஒரு குறிப்பேட்டுப் பக்கம். டச்சு இறக்குமதியாளரான பென் போன், ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் ஆலைக்குச் சென்றிருந்தபோது, அங்கே உதிரிபாகங்களை ஏற்றிச்செல்லத் தொழிலாளர்கள் தாமே கட்டிக்கொண்ட ஒரு தட்டு வண்டியைக் கண்டார். பீட்டில் காரின் அடிப்பாகத்தைக் கொண்டு செய்யப்பட்டது அது. அந்த உந்துதலில், 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டி வண்டியை வரைந்தார். ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால், சரக்கு நடுவில். இந்த வடிவிலான வேன் 1950 மார்ச் 8 அன்று உற்பத்திக்கு வந்தது. 1956இல் அதற்கென ஹனோவரில் தனி ஆலை எழுந்தது.

எஞ்சின் பீட்டிலுடையதே. படுக்கைவாட்டில் எதிரெதிராக இரண்டிரண்டாக நான்கு சிலிண்டர்கள். குளிர்விக்கக் காற்று மட்டும். ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர்க் குழாய்களும் இல்லை. எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பிணைத்து நிறுத்துபவை முதன்மையாக நான்கு இணைப்புகளே: மேலே இரண்டு, கீழே இரண்டு. பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள், சில மின்கம்பிகள், ஹீட்டர் கேபிள்கள் ஆகியவற்றை விடுவித்துவிட்டு, அடியில் ஜாக்கி கொடுத்து, அந்த நான்கையும் தளர்த்தி, எஞ்சினைச் சில அங்குலம் பின்னால் இழுத்தால் கியர்பாக்ஸின் தண்டு கிளட்சிலிருந்து நழுவி விலகும். பின்னர் மெதுவாகக் கீழே இறக்கலாம்.

எளிமையாகத் தோன்றும் இதிலும் தொல்லை உண்டு. மேல் போல்ட்கள் காற்றாடிக் கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. ஒருவர் மேலே தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடியில் படுத்து நட்டைத் திருக வேண்டும். பிற்பாடு ஒருபக்கம் தட்டையாகச் சீவிய தலைகொண்ட போல்ட் வந்தது. தட்டைப் பகுதி உலோகத்தில் முட்டித் தானே நின்றுகொள்ளும். இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை. ஒரு போல்ட்டின் தலையைச் சற்றே சீவியதன் மூலம் முகம் தெரியாத ஒரு பொறியாளர், உலகெங்கும் உதவிக்கு ஆளில்லாமல் தனியாக வேலை செய்த பட்டறைக்காரர்களுக்குக் கைகொடுத்திருக்கிறார்.

1967 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை கோம்பியில் இதே கரிசனம் உடலமைப்பிலும் தெரிகிறது. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரப் பட்டையைத் தனியாகக் கழற்றும்படி போல்ட்களால் பொருத்தியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் எஞ்சினை நேராகப் பின்னால் உருவி எடுக்கலாம். வண்டியை அதிக உயரம் தூக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதி 1971 வரையிலான மாடல்களோடு முடிந்துபோனது. பெரிய எஞ்சினுக்கு இடம் தரவும் பின்பகுதியை வலுவாக்கவும் உடலை மாற்றியமைத்தபோது, 1972 மாடலிலிருந்து அந்தப் பட்டை நிலையாக வெல்டிங் செய்யப்பட்டது. ஆலைக்கு அதற்கான நியாயங்கள் இருந்தன. ஆனால் பின்பக்கத்து வழி அடைபட்டது. நண்பருடைய வேன் அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

*

இந்த வேன்களை ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் இந்தியாவில் செய்யவில்லை. புணே அருகே சாக்கனில் அதன் கார் உற்பத்தி 2009இல்தான் தொடங்கியது. அதற்கு வெகுமுன்னரே, 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்தபோது அவர்களைச் சுமந்த வண்டிகளில் கோம்பியும் முக்கியமானது. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் அந்தப் பாதையை அடைத்தன. நம் நாட்டில் உதிரிபாகக் கடையோ அங்கீகாரம் பெற்ற பணிமனையோ அந்த வேனுக்கு இருந்ததில்லை. வழியில் நின்றுபோன வண்டியை, அதை முன்பின் கண்டிராத ஒருவர் கீழே படுத்துப் பார்த்துப் புரிந்துகொண்டாக வேண்டும்.

அப்படிப் புரிந்துகொள்ளும் பழக்கம் கொங்கு நாட்டில் எப்படி வேர்விட்டது என்பதற்கு ஊரறிந்த ஒரு கதை இருக்கிறது. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி.நாயுடு, இளைஞராக இருந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மீது பித்தானார் என்பார்கள். கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். வாங்கியதும் அவர் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப்போட்டுத் திரும்பவும் மாட்டினார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அவருக்கு அதுவே பாடநூலாக அமைந்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டித் தொடங்கிய தொழில், யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து கோவையில் மின்மோட்டார் செய்தார்கள்.

நாயுடு ஒருவரோடு இது முடிவதில்லை. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலையைத் தொடர்ந்து இங்கே எழுந்த பஞ்சாலைகளின் எந்திரங்கள் கப்பலில் வந்தவை. அவற்றில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் மான்செஸ்டருக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கிணறுகளில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியபோது நிலைமை மேலும் கூர்மையானது. மோட்டார் நின்ற கிணற்றுக்குப் பக்கத்தில் பயிர் வாடிக்கொண்டிருக்கும். கழற்று, பார், அதைப் போலவே ஒன்றைக் கடைந்து எடு, மாட்டு. பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் வீதிகளின் லேத் பட்டறைகள் இந்த நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்தவை என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே சமையலறையும் நினைவுக்கு வருகிறது. 2000களின் நடுவில் புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரில், ஆட்டி முடித்த மாவுக்கு நடுவிலிருந்து கனத்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி எடுத்த பெண்களின் இடுப்புவலியை நாம் அறிவோம். பாத்திரத்தையே சாய்த்து மாவை வழிக்கும்படியான டில்டிங் கிரைண்டர் அந்தச் சுமையைக் குறைத்தது. எந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைப் போலவே, ஓடி முடித்தபின் அதை யார் எப்படித் திறக்கிறார்கள் என்பதும் ஒரு பொறியியல் கேள்வி என்பதை அந்தச் சாய்வு சொல்கிறது.

சாய்ப்பதைத் தெருவோர ஆட்டோ மெக்கானிக்குகளும் அறிவார்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் பின்-எஞ்சின் வாகனம் ஆட்டோரிக்‌ஷாதான். அதற்குக் குழிவெட்டிய பட்டறையோ தூக்குமேடையோ அவர்களிடம் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து வண்டியையே ஒருபக்கமாகச் சாய்த்து, கீழே ஒரு பழைய டயரை வைத்துவிடுகிறார்கள். அடிவயிறு முழுவதும் கண்முன் வந்துவிடுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் தகட்டைக் கழற்றத்தக்கதாக்கினார். நம் மெக்கானிக் வண்டியையே திருப்பிப்போட்டார். இரண்டுக்கும் நோக்கம் ஒன்று.

2009இல் வந்து 2018இல் நின்றுபோன டாட்டா நானோவையும் இங்கு சேர்த்துப் பார்க்கலாம். அதிலும் எஞ்சின் பின்னால்தான். விலையைக் குறைக்கும் பொருட்டு முதல் மாடல்களில் பின்கதவையே திறக்க முடியாதபடி வைத்தார்கள். 2015 மாடலில்தான் திறக்கும் கதவு வந்தது. திறப்பு என்பது செலவு. அந்தச் செலவை ஆலை ஏற்கவில்லையானால், பின்னாளில் பட்டறையில் ஒருவர் தம் முதுகால் அதை ஏற்க வேண்டியிருக்கிறது.

*

மறுபடி அந்தத் தகட்டுக்கு வருவோம். பழம்பொருளைச் சிதைக்கக் கூடாது என்ற நண்பரின் தயக்கம் நேர்மையானது. பழைய வண்டிகளைச் சேகரிப்போர் ஆலையிலிருந்து வந்த நிலையையே மதிப்பின் அளவுகோலாகக் கொள்கிறார்கள். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அது சரியான அளவுகோல்தான். அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தின் வண்டிகளில் யாரும் ரம்பம் வைக்கப் போவதில்லை. ஓடும் வண்டியின் நிலை வேறு. அதில் கிளட்ச் தேயும், ஆயில் சீல் கசியும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் இறங்கியாக வேண்டும். இறக்குவது கடினமானால் அந்த வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போட்ட வேலைகள் சேர்ந்துதான் ஒரு வண்டி புதருக்குள் நின்று துருப்பிடிக்கிறது.

எங்கள் விவாதம் முடிவுக்கு வந்தது மேஸ்திரி காட்டிய ஒரு நியாயத்தால். 1971 மாடல் வேனின் பழைய படம் ஒன்றை நாங்கள் கைபேசியில் காட்டினோம். பட்டையின் ஓரங்களில் போல்ட் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவங்களே குடுத்து வெச்சிருந்த வழிதானுங்க. நாம புதுசா ஒண்ணும் செய்யலை" என்றார். ஆலை மூடிய வழியை, ஆலையே முன்பு வகுத்த முறைப்படி திறப்பது எப்படிச் சிதைப்பாகும்?

அவர் உடனே ரம்பத்தை எடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெல்டிங் செய்த பட்டை வண்டியின் பின்பகுதிக்கு வலுவும் சேர்க்கிறது. வெறுமனே அறுத்துவிட்டால் உடல் தளரும், ஓரங்கள் துருப்பிடிக்கும். எனவே இருபுறமும் உள்ளே தடித்த தகட்டால் முட்டுக்கொடுத்து, அதில் நட்டுகளை முன்கூட்டியே பற்றவைத்து, அளந்து கோடிட்ட பிறகே அறுத்தார். வெட்டுமுனைகளை அரத்தால் ராவி, செம்மண் நிற பிரைமர் அடித்தார். அரை நாளில் முடிந்திருக்கக் கூடிய வேலைக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் எஞ்சின் பின்பக்கமாக வெளியே வந்தது. ஒரு பழைய சரக்குத் தள்ளுவண்டியின் மீது, கையளவு உயரத்தில், சத்தமில்லாமல். கிளட்ச் மாற்றி மீண்டும் ஏற்றி, தகட்டைப் பொருத்தி போல்ட்களை முறுக்கும்போது, கடைசி போல்ட்டுக்கு மட்டும் ஸ்பேனரைப் பட்டறையில் வேலை பழகும் பையனிடம் கொடுத்தார். "அடுத்த வாட்டி நீதான் இறக்கோணும்" என்றார்.