திரைப்படத் திறனாய்வும் ஒளிநாடாவும்

1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் நாள், வெள்ளிக்கிழமை, அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு படங்கள் ஒருசேர வெளிவந்தன. ஒன்று ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேட் ரன்னர்’. மற்றொன்று ஜான் கார்ப்பென்டர் இயக்கிய ‘தி திங்’. அன்றைய ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இரண்டைப் பற்றியும் எழுதியது. முதற்படத்தைப் பார்த்த ஜேனட் மாஸ்லின், அதன் காட்சிகள் கண்ணைக் கட்டிப்போடுவதை ஒப்புக்கொண்டு, கதை குழம்பிக் கிடப்பதாகக் குறைபட்டார். இரண்டாவதைப் பார்த்த வின்சென்ட் கேன்பி அந்த அளவு இரக்கமும் காட்டவில்லை; அதனைக் குப்பை என்றே ஒதுக்கினார். இரண்டு வாரங்களுக்கு முன்னர் வந்திருந்த ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கின் ‘இ.டி.’ படத்தில் மனம் பறிகொடுத்திருந்த மக்கள், இருள் மண்டிய இவ்விரு படங்களையும் நாடிச் செல்லவில்லை. கோடை முடிவதற்குள் இரண்டும் ஏறக்குறைய மறைந்தே போயின.

முந்திய தலைமுறையாயிருந்தால் அவற்றின் வரலாறு அத்துடன் முடிந்திருக்கும். ஆனால், பதினோர் ஆண்டுகள் கழித்து, 1993இல், அமெரிக்கக் காங்கிரசு நூலகம் நாட்டின் செல்வமெனக் காக்கத்தக்க படங்களின் பதிவேட்டில் ‘பிளேட் ரன்னரை’ச் சேர்த்துக் கொண்டது. ‘தி திங்’ தன் வகைப் படங்களுள் தலையாயது என்று போற்றப்படும் நிலையை எய்தியது. இடையில் திறனாய்வாளர்கள் கூடிப் பேசித் தங்கள் தீர்ப்பை மாற்றிக் கொள்ளவில்லை. வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் கீழே வந்து அமர்ந்த ஒரு கருவியே இம்மாற்றத்திற்குப் பெரிதும் காரணமாயிற்று.

இலக்கியத் திறனாய்வுக்கும் திரைப்படத் திறனாய்வுக்கும் இடையே நெடுங்காலம் ஒரு பெரிய வேறுபாடு இருந்து வந்தது. ஒரு நாவலைக் குறை கூறி எழுதுபவர், அந்நூல் வாசகர் கையிலும் இருக்கிறது என்பதை அறிந்தே எழுதுகிறார். கூற்று பொய்யாயின் பக்கத்தைப் புரட்டிக் காட்ட ஒருவர் முன்வரலாம் என்ற அச்சம் அவருக்கு உண்டு. திரைப்படத் திறனாய்வாளருக்கு அந்த அச்சம் இல்லை. இருட்டறையில் ஒருமுறை பார்த்து, அன்றிரவோ மறுநாளோ நினைவிலிருந்து எழுதி, அச்சுக்குக் கொடுத்து விடுவார். படம் சில வாரங்களில் ஊரை விட்டே போய்விடும். பிறகு எஞ்சி நிற்பது அவருடைய கட்டுரை ஒன்றே. சாட்சி இல்லாத வழக்கில் நடுவர் சொன்னதே உண்மையாகிவிடுவது போன்ற நிலை இது.

‘நியூயார்க்கர்’ இதழில் எழுதி வந்த பாலின் கேல், எந்தப் படத்தையும் ஒருமுறைக்கு மேல் பார்ப்பதில்லை என்பதைத் தம் கொள்கையாகவே கொண்டிருந்தார். முதற் பார்வையில் எழும் உணர்ச்சியே மெய்யானது என்பது அவர் கருத்து. ஆனால் அவருடைய புகழுக்கு அடித்தளமிட்ட நிகழ்ச்சியே வேறு பாடம் கூறுவது வியப்பிற்குரியது. 1967இல் ‘பானி அண்டு கிளைடு’ வெளிவந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் மூத்த திறனாய்வாளர் பாஸ்லி கிரௌதர் அதனைக் கடுமையாகச் சாடினார். ‘நியூஸ்வீக்’ இதழில் ஜோசப் மோர்கென்ஸ்டெர்னும் சாடினார். ஆயினும் மோர்கென்ஸ்டெர்ன் மறுபடியும் திரையரங்கிற்குச் சென்று, மக்களோடு மக்களாக அமர்ந்து அதே படத்தைப் பார்த்தார். மறுவாரமே, தாம் முன்பு எழுதியது தவறு என்று அதே இதழில் எழுதினார். கேல் அப்படத்தை ஆதரித்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிப் பெயர் பெற்றார். கிரௌதர் விரைவில் தம் பதவியை விட்டு நீங்கினார். ஒருமுறை கூடுதலாகப் பார்த்ததால் ஒருவர் மனம் திருந்தியது என்பதே இதில் கருதத்தக்கது. அன்று அந்த வாய்ப்பு, படம் ஓடிக்கொண்டிருந்த சில வாரங்களுக்கு மட்டுமே இருந்தது.

அந்த வாய்ப்பை நிலையானதாக்கியது ஒளிநாடா. சப்பான் நாட்டுச் சோனி நிறுவனம் 1975இல் ‘பீட்டாமேக்ஸ்’ கருவியையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் ‘வி.எச்.எஸ்.’ கருவியையும் வெளியிட்டன. 1977இல் ஆந்திரே பிளே என்பவர், ‘டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ்’ நிறுவனத்திடம் ஐம்பது படங்களுக்கு உரிமை பெற்று, அவற்றை நாடாவாக்கி விற்கத் தொடங்கினார். நாடா ஒன்றின் விலை ஏறக்குறைய 50 அமெரிக்க வெள்ளி. எளியோர் வாங்கும் விலையன்று. ஆகவே அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் நாடாக்களை வாடகைக்குக் கொடுக்கும் கடையைத் திறந்தார். விற்ற பொருளை வாங்கியவர் வாடகைக்கு விடுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கவில்லை. வாடகைக் கடைகள் ஊர்தோறும் பெருகின.

படநிறுவனங்கள் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அவற்றின் சங்கத் தலைவர் ஜாக் வலென்டி 1982இல் மக்களவைக் குழுவின் முன்னர் தோன்றி, ஒளிநாடாக் கருவியைக் கொலைகாரன் ஒருவனுக்கு ஒப்பிட்டுப் பேசினார். வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர்ப் பார்ப்பது குற்றமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1984 ஜனவரி 17ஆம் நாள், ஐவர் ஒருபக்கமும் நால்வர் மறுபக்கமும் நிற்க, குற்றமன்று என்று முடிந்தது. ஒரே ஒரு நீதிபதியின் மனம் மாறியிருந்தால் இங்குப் பேசப்படும் வரலாறும் மாறியிருக்கும். தம்மை அழிக்க வந்ததெனப் படநிறுவனங்கள் அஞ்சிய கருவியே அவற்றின் பெருவருவாய்க்கு வழியாயிற்று என்பது பிற்காலக் கதை.

‘பிளேட் ரன்னரு’க்கு மீண்டு வருவோம். பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலைத் தழுவியது இப்படம். மனிதரைப் போலவே செய்யப்பட்ட செயற்கை உயிர்களை வேட்டையாடும் காவலன் ஒருவனின் கதை. ஹாரிசன் ஃபோர்டு நடித்தது. ஏறத்தாழ 28 மில்லியன் வெள்ளி செலவில் எடுக்கப்பட்டு, உள்நாட்டில் அத்தொகையை ஒட்டியே வசூலித்தது. திரையரங்குகளின் பங்கு போக எஞ்சியதைக் கணக்கிட்டால் அது நட்டமே. ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ இதழில் ஷீலா பென்சன் படம் ஊர்ந்து செல்கிறது என்று அதன் பெயரையே திரித்துக் கேலி செய்தார். கேல், சூழலைப் படைப்பதில் செலுத்திய கருத்தை மனிதரைப் படைப்பதில் செலுத்தவில்லை என்றார். ரோஜர் ஈபர்ட் காட்சிகளை வியந்து, கதையின் மனிதத்தன்மை மெலிந்திருப்பதாக எழுதினார். தனித்தனியே எழுதியவர்கள் ஏறக்குறைய ஒரே குறையைக் கூறியிருப்பதால் இதனை வெறும் காழ்ப்பு என்று தள்ளிவிட இயலாது.

ஆனால் அவர்கள் பார்த்தது எந்தப் படம்? இக்கேள்வியை 1982இல் எவரும் கேட்கவில்லை, கேட்பதற்கு வழியுமில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் டென்வர், டாலஸ் ஆகிய நகரங்களில் மக்களுக்கு முன்கூட்டியே படம் போட்டுக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் புரியவில்லை என்றனர். முதலீடு செய்தோர் அஞ்சினர். அதன் விளைவாக, கதைத் தலைவனே கதையை விளக்கிச் சொல்லும் பின்னணிக் குரல் சேர்க்கப்பட்டது. தலைவனும் தலைவியும் பசுமையான மலைநாட்டில் மகிழ்ச்சியோடு செல்லும் முடிவும் ஒட்டப்பட்டது. அந்த மலைக்காட்சிகள் இப்படத்திற்காக எடுக்கப்பட்டவை அல்ல. ஸ்டான்லி கூப்ரிக் தமது ‘தி ஷைனிங்’ படத்திற்கு எடுத்துப் பயன்படுத்தாமல் மிஞ்சியவை! இரவல் துண்டை ஒட்டிய ஆடையைத்தான் திறனாய்வாளர்கள் பார்த்தார்கள். அதனைத் தையற்காரரின் பிழை என்று எழுதினார்கள்.

படம் பின்னர் ஒளிநாடாவாக வாடகைக் கடைகளை அடைந்தது. திரையரங்கில் அதனைப் பார்த்திராத இளைஞர்கள் வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தனர். மழையும் புகையும் நெருக்கடியுமாகப் பின்னப்பட்ட அந்த நகரக் காட்சிகள் ஒருமுறைப் பார்வைக்கு அடங்குவன அல்ல. சுவரில் எழுதியிருப்பது யாது, மேசைமேல் கிடக்கும் நிழற்படங்கள் யாருடையவை என்று தேடித் தேடிக் காண்போருக்கே அவை பொருள் தருவன. திரையரங்கில் மந்தமாகத் தோன்றிய நடை, மீண்டும் பார்ப்போருக்கு நிதானமாகத் தோன்றிற்று.

ஆயினும் ஒளிநாடா படங்களுக்கு நன்மையே செய்தது என்று சொல்லிவிட முடியாது. அது செய்த ஊறும் பெரிது. இப்படம் அகன்ற திரைக்காக எடுக்கப்பட்டது. உயரத்தைப் போல் இரண்டேகால் மடங்கிற்கும் மேற்பட்ட அகலம் அதற்கு உண்டு. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கே மிகுதி. திரையை நிரப்ப வேண்டுமென்று இத்தகைய படங்களின் இருபுறமும் வெட்டப்பட்டன. பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேல் போய்விடும்! ஒருவர் பேச மற்றவர் கேட்கும் காட்சியில், கேட்பவர் காணாமற் போவார். செய்யுளின் ஈற்றடிகளை அறுத்துவிட்டுப் பதிப்பித்தல் எத்தகைய பதிப்போ அத்தகையதே இதுவும். இதனைக் கண்டு சினந்தவர்களுள் ஊடி ஆலனும் ஒருவர். தம் ‘மன்ஹாட்டன்’ படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளுடன் முழு அகலத்தில்தான் நாடாவாக வேண்டுமென்று அவர் வற்புறுத்தி வென்றார்.

இந்நிலையில், 1984இல், ‘கிரைட்டீரியன்’ என்னும் வெளியீட்டகம் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங் காங்’ ஆகிய இரு பழம்படங்களை லேசர் ஒளிவட்டுகளாக வெளியிட்டது. ‘கிங் காங்’ வட்டில், படம் ஓடும்போதே அதன் ஆக்கத்தை விளக்கும் ரொனால்டு ஹேவரின் குரலையும் விரும்பினால் கேட்கலாம். திரைப்படத்திற்கு ‘மூலமும் உரையும்’ பதிப்பு ஒன்று வந்தது அதுவே முதன்முறை எனலாம். திறனாய்வாளர் படத்திற்கு வெளியே நின்று தீர்ப்புக் கூறுபவராக மட்டுமின்றி, காட்சிக்குக் காட்சி உடனிருந்து பொருள் கூறும் உரையாசிரியராகவும் ஆகத் தொடங்கினார். அதே வெளியீட்டகம் 1987இல் ‘பிளேட் ரன்னரை’ முழு அகலத்துடன் வட்டாக்கியது. ஆனால் அது வெளிநாடுகளில் ஓடிய வடிவம். அமெரிக்கத் திரையரங்குகளில் வெட்டப்பட்ட சில வன்முறைக் காட்சித் துணுக்குகள் அதில் இருந்தன. ஆக, திறனாய்வாளர் கண்டது ஒன்று. வட்டு வாங்கியோர் கண்டது மற்றொன்று.

1990இல் லாஸ் ஏஞ்சலிஸ் திரையரங்கு ஒன்றில் பழைய படங்களைக் காட்டியபோது, எவரும் எதிர்பாராத வகையில், பின்னணிக் குரல் பெரும்பாலும் இல்லாத முற்பட்ட படி ஒன்று திரையில் ஓடியது. ஏட்டுச்சுவடி தேடியவர் கையில் புதிய பாடபேதம் கிடைத்தது போன்ற மகிழ்ச்சி அங்கு எழுந்தது. அந்தப் படி தாம் கருதிய முழு வடிவமன்று என்று ஸ்காட் மறுத்தார். அவர் குறிப்புகளைக் கொண்டு ஒழுங்கு செய்யப்பட்ட ‘இயக்குநர் பதிப்பு’ 1992 செப்டம்பரில் வெளிவந்தது. பின்னணிக் குரல் போயிற்று; மலைநாட்டு முடிவும் போயிற்று.

பழைய திறனாய்வாளர்களை எள்ளி நகையாடுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அவர்களுட் பலர் 1982இலேயே குற்றம் கண்டது அந்தப் பின்னணிக் குரலில்தான். படத்தைச் செம்மை செய்தவர்கள் முதலில் நீக்கியதும் அதனைத்தான். அவர்கள் தீர்ப்பு முழுதும் பொய்க்கவில்லை. ஒட்டுத்துண்டையும் உண்மைத் துணியையும் பிரித்தறியும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மைக்கேல் சிமினோவின் ‘ஹெவன்ஸ் கேட்’ இதனினும் கொடியது. 1980 நவம்பரில் நியூயார்க்கில் மூன்றரை மணி நேரத்திற்கும் மேல் ஓடிய அப்படத்தைக் கேன்பி நார் நாராகக் கிழித்தார். ஒரு வாரத்தில் படம் திரும்பப் பெறப்பட்டு, 149 நிமிடங்களாகச் சுருக்கப்பட்டு, மறு ஆண்டு வந்து மீண்டும் தோற்றது. சுமார் 44 மில்லியன் வெள்ளி முதலீடு கரைந்தது. ‘யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ நிறுவனமே கைமாறியது. 1982 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ‘இசட் சேனல்’ என்னும் கம்பிவழித் தொலைக்காட்சி நீண்ட வடிவத்தை ஒளிபரப்பியது. பின்னர் அது நாடாவாகவும் வந்தது. 2012இல் செப்பம் செய்யப்பட்ட படி வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு, அவ்வாண்டே வட்டாயிற்று. போற்றுவோர் பெருகினர்; ஆயினும் படம் மிக நீளம் என்போர் இன்றும் உளர். மறுவிசாரணை என்றால் விடுதலை என்று பொருளன்று.

லெனர்டு மால்டின் 1969இல் தொடங்கிய கையடக்கப் பட வழிகாட்டி, வாடகைக் கடைக்குச் செல்வோர் பலரின் துணையாயிற்று. ஒரு படத்திற்கு நான்கைந்து வரிகள், சில நட்சத்திரங்கள், அவ்வளவே. அதில் ‘பிளேட் ரன்னர்’ பெற்றது ஒன்றரை நட்சத்திரம்; அரங்க அமைப்பை மெச்சி, கதையமைப்பைக் குழப்பம் என்ற அந்தச் சில வரிகள் பதிப்புத்தோறும் தொடர்ந்தன. நாடாவோ கடையின் மறுபக்கத்தில் இருந்தது. இரண்டையும் எடுத்துச் சென்று ஒப்புநோக்க எவருக்கும் தடையிருக்கவில்லை. 

2007 டிசம்பரில் ‘பிளேட் ரன்னர்’ டி.வி.டி. வட்டுகள் ஐந்தாக ஒரே பெட்டியில் வெளிவந்தது. முன்னோட்டப் படி, அமெரிக்கத் திரையரங்கு வடிவம், வெளிநாட்டு வடிவம், இயக்குநர் பதிப்பு, ஸ்காட் அவ்வாண்டு முடித்த இறுதிப் பதிப்பு என ஐந்து பாடங்கள் அதில் உள்ளன. பெட்டி வருவதற்குச் சற்று முன்பு ஈபர்ட் மீண்டும் எழுதினார். தாம் இத்தனை ஆண்டுகள் அப்படத்தைத் தள்ளி நின்றே வியந்து வந்ததாகவும், இனி ஏற்றுக்கொள்வதே முறை என்றும் கூறி, தாம் தொகுத்து வந்த ‘பெரும்படங்கள்’ வரிசையில் அதனைச் சேர்த்தார். 1982இல் அவர் கொடுத்த நட்சத்திரங்கள் மூன்று; 1992இல் இயக்குநர் பதிப்புக்குக் கொடுத்ததும் மூன்றே; நான்காவதைக் கொடுக்க இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.