ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சு பற்றிய விவாதம்

ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சு பற்றிய விவாதம் என்பது, இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஐக்கிய அமெரிக்கா ஜப்பான் மீது அணுகுண்டு வீசியது தேவைதானா, அறத்துக்கு உகந்ததா என்பது குறித்து வரலாற்றாளர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டைக் குறிக்கும். ஆகஸ்ட் 6, 1945 இல் ஹிரோஷிமா மீதும் ஆகஸ்ட் 9 இல் நாகசாகி மீதும் குண்டுகள் வீசப்பட்டன. அவ்வாண்டு இறுதிக்குள் முறையே ஏறத்தாழ 1,40,000 பேரும் 70,000 பேரும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இவர்களுள் பெரும்பாலானோர் பொதுமக்கள் ஆவர்.

ஆதரவு வாதம்

அணுகுண்டு இல்லையெனில் ஜப்பானுக்குள் படையெடுக்க நேர்ந்திருக்கும் என்பதே ஆதரவாளர்களின் முதன்மை வாதம். ஒகினாவா தீவைக் கைப்பற்றுவதற்கே 12,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்திருந்தனர். க்யூஷூ தீவில் நவம்பர் 1, 1945 இல் தரையிறங்கத் திட்டமிடப்பட்டிருந்தது. போர்ச் செயலாளராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன், படையெடுப்பினால் அமெரிக்கப் படைக்கு மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழப்பு ஏற்படக்கூடும் எனத் தம்மிடம் கூறப்பட்டதாக 1947 இல் எழுதினார். இது இறந்தோரையும் காயமுற்றோரையும் சேர்த்த எண்ணிக்கை. ஆனால் பின்னாளில் இது இறப்பு எண்ணிக்கையாகவே பரவலாக எடுத்தாளப்பட்டது. போருக்கு முடிவு காண ஜூன் 1945 இல் படைத்துறைத் திட்டக் குழு வகுத்த கணிப்புகளுள் ஒன்று, க்யூஷூவையும் டோக்கியோ சமவெளியையும் கைப்பற்றுவதில் ஏறத்தாழ 40,000 அமெரிக்கர்கள் இறக்கக்கூடும் என்றே கூறுகிறது.

சரணடைவுக்கான காரணம்

விவாதத்தின் மையக் கேள்வி, ஜப்பானைப் பணியவைத்தது எது என்பதாகும். சோவியத் ஒன்றியம் ஆகஸ்ட் 8 இல் ஜப்பான் மீது போர் அறிவித்து, மறுநாள் அதிகாலை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. அதுவரை சோவியத் நடுநிலையை நம்பி, அதன் வழியாகவே அமைதி பேச ஜப்பான் முயன்று வந்தது. ஆகஸ்ட் 9 இல் கூடிய ஆறு பேர் கொண்ட உயர் போர்க்குழு, பேரரசர் பதவியை மட்டும் காக்கக் கோருவதா, மேலும் மூன்று நிபந்தனைகள் விதிப்பதா என்பதில் மூவர் மூவராகப் பிரிந்தது. கூட்டத்தின் இடையே நாகசாகிச் செய்தி வந்த பின்னரும் இப்பிளவு நீங்கவில்லை. அன்று நள்ளிரவுக்குப் பின் பேரரசர் ஹிரோஹிட்டோவே சரணடைய முடிவு செய்தார்.

சோவியத் படையெடுப்பே தீர்மானகரமானது என்பது சுயோஷி ஹசெகாவா 2005 இல் முன்வைத்த கருத்து. அணுகுண்டே காரணம் என்கிறார் சதாவோ அசாதா. பேரரசரின் சொற்கள் இரு தரப்புக்கும் சான்றாகின்றன. ஆகஸ்ட் 15 இல் மக்களுக்கு ஆற்றிய வானொலி உரையில் அவர் எதிரியின் புதிய, கொடிய குண்டைக் குறிப்பிட்டார். ஆகஸ்ட் 17 இல் படையினருக்கு விடுத்த ஆணையிலோ சோவியத் நுழைவு மட்டுமே உள்ளது, குண்டு இல்லை.

நாகசாகி

ஹிரோஷிமாவை நியாயப்படுத்துவோருள் சிலரும் நாகசாகியை ஏற்பதில்லை. மூன்று நாள் இடைவெளியில் ஜப்பான் முடிவெடுக்கப் போதிய அவகாசம் தரப்படவில்லை என்பது அவர்கள் வாதம். இரண்டாம் குண்டுக்கென அதிபர் ட்ரூமன் தனி ஆணை எதுவும் பிறப்பிக்கவில்லை. குண்டுகள் ஆயத்தமாகும்போதெல்லாம் வீசலாம் என்ற ஜூலை 25 ஆணையே அதற்கும் பொருந்தியது. இனித் தமது வெளிப்படையான அனுமதியின்றி அணுகுண்டு வீசக்கூடாது என்று ட்ரூமன் ஆணையிட்டது ஆகஸ்ட் 10 இல், அதாவது நாகசாகி அழிந்த மறுநாள்.