மோனசைட் மணலும் புற்றுநோய்க் கணக்கும்

இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் துறைமுகம் 1901ஆம் ஆண்டில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வெள்ளீயம் கடல் கடந்து சென்ற வாயில்களுள் அது தலையாயது. ஈயத்தை அலசிப் பிரித்தபின் எஞ்சும் கருமணலை மலாய் மொழியில் 'அமாங்' என்பர். அதனுள் மோனசைட் என்னும் கனிமம் கலந்திருக்கும். மோனசைட்டினுள் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் அடங்கியிருக்கும். கழிவு என ஒதுக்கப்பட்ட அம்மணல், பிற்காலத்தில் நீதிமன்றம் வரை சென்றது. கதிர்வீச்சுள்ள மண்ணருகே வாழ்வோரைப் புற்றுநோய் மிகுதியாகப் பற்றுமா என்பதே வினா.

இவ்வினாவின் வரலாறு ஒரு கயிற்றிலிருந்து தொடங்குகிறது எனலாம். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் கண்டறிந்தார். அக்காலக் காஸ் விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் இன்றியமையாதது. எனவே அவர் மணவாளக்குறிச்சியில் ஆலை ஒன்றை நிறுவினார். அவ்வூர் 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கடலோர மக்களோ, அம்மணலின் மீதே தலைமுறை தலைமுறையாகக் குடிசை கட்டி, வலை உலர்த்தி, மக்களைப் பெற்று வளர்த்து வந்தனர்.

கதிர்வீச்சுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பெருந்திரளான மக்களிடையே அளந்து காட்டியது ஹிரோஷிமா, நாகசாகி ஆய்வே. 1945இல் குண்டு விழுந்தது. 1947இல் ஆய்வுக்குழு அமைந்தது. 1950 முதல் ஏறத்தாழ 1,20,000 பேரின் வாழ்வும் சாவும் பதிவு செய்யப்பட்டு வந்துள்ளன. முதலில் தலைகாட்டியது இரத்தப் புற்றுநோய். பிற புற்றுகள் பல ஆண்டுகள் கழிந்தபின் மிகுந்தன. உடல் ஏற்ற கதிர்வீச்சின் அளவு உயர உயர நோயும் உயர்ந்தது. ஆயினும் அம்மக்கள் கதிர்வீச்சை ஏற்றது ஒரு நொடிப்பொழுதில். சிறுகச் சிறுக, வாழ்நாள் முழுதும் ஏற்போருக்கும் அக்கணக்கு பொருந்துமா?

இதற்கு விடை தேடியோர் கேரளத்துக் கருநாகப்பள்ளிக்குச் சென்றனர். நிலத்திலிருந்து எழும் காமாக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மில்லிகிரே. அக்கடற்கரையின் சில இடங்களிலோ அது 70 மில்லிகிரே வரை எட்டும். திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 1990களில் 3,85,103 பேரைப் பதிவு செய்தனர். வீடுகளின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தனர். பீடி புகைக்கும் வழக்கத்தையும் விடாது கேட்டறிந்தனர். (புகைப்பழக்கத்தைக் கணக்கிலிருந்து பிரிக்காவிடில், பீடியின் குற்றம் மணலின் தலையில் விழும்.) அவர்களுள் 69,958 பேரைப் பற்றி ஆர். ஆர். கே. நாயர் முதலியோர் 2009இல் முடிவு வெளியிட்டனர். சராசரி பத்தரை ஆண்டுக் கண்காணிப்பில் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. அவற்றுள் 30 இரத்தப் புற்று. கதிர்வீச்சு கூடியதால் நோய் கூடியதாகத் தெரியவில்லை. எனினும் முப்பது என்பது சிறிய எண். அதனைக் கொண்டு இரத்தப் புற்றைப் பற்றி உறுதி கூறுதல் அரிது.

இனிப் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவுக்கு வருவோம். அங்கு ஆசிய அருமண் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயக் கழிவின் மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்தபின் தோரியக் கழிவு எஞ்சியது. 1985இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஐந்தாண்டுகளில் எட்டு இரத்தப் புற்று என்று செய்தி வெளிவந்தது. கருநாகப்பள்ளியில் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு நால்வர் என்ற விகிதமே காணப்பட்டது. அவ்விகிதப்படி புக்கிட் மேராவில் எதிர்பார்க்கத்தக்கது இரண்டே. எட்டுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெற்றோர் நெஞ்சை உலுக்கியதில் வியப்பில்லை.

ஆனால் நோய் கண்ட பின்னர் அதனைச் சுற்றி எல்லை வரைந்து எண்ணும்போது, தற்செயலும் காரணம்போல் தோற்றமளிக்கும் என்பர் புள்ளியியலார். அதற்காகக் கேரளத்து முடிவைக் காட்டி ஆலையை விடுவித்தலும் முறையன்று. மணல் வெளியிலிருந்து வீசுவது வேறு. தோரியம் தூசியாய் உடலுள் புகுவது வேறு. எக்ஸ்ரேப் படம் தெளிவாக விழும்பொருட்டுத் தோரோட்ராஸ்ட் என்னும் தோரிய மருந்தை 1930 முதல் நோயாளிகளின் உடலுள் செலுத்தினர். பல ஆண்டுகள் கழித்து அவர்களிடையே ஈரல் புற்றுநோய் பெருகியதை மறுப்பாரில்லை.

ஈப்போ உயர்நீதிமன்றம் 1992 ஜூலையில் ஊர்மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கருநாகப்பள்ளியில் நிகழ்ந்தது போல் வீடுதோறும் அளந்து, ஆள்தோறும் பெயரெழுதிப் பல்லாண்டு பின்தொடரும் ஆய்வு புக்கிட் மேராவில் நடைபெறவில்லை. கழிவு மட்டும் பின்னர்க் கிலேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது.